விலகிய ரசிகர்கள் திரும்புவார்களா?

2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு ஒரே ஆணையில் 118 செயலிகளுக்குத் தடை விதித்தது. அவற்றுள் ஒன்று 'பப்ஜி மொபைல்'. அதுவரை அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாத பெற்றோர்கூட அன்று நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். பிள்ளைகள் பலர் முகம் வாடினர். அடுத்த மூன்றாண்டுகளுக்குள் அந்த விளையாட்டு பெயர் மாறி ஒருமுறையும், மீண்டும் முடக்கப்பட்ட பிறகு இன்னொரு முறையும் திரும்பி வந்தது. இரண்டு முறையும் ரசிகர்கள் பெருந்திரளாக அதனிடம் திரும்பினர்.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு இது சற்று வியப்பான செய்தி. பத்து மாதங்கள் மூடிக் கிடந்த கடையைத் திறந்தால் பழைய வாடிக்கையாளர்கள் வாசலில் காத்திருப்பார்கள் என்று எந்த வணிகரும் எதிர்பார்க்க மாட்டார். அதற்குள் அவர்கள் வேறு கடைக்குப் பழகியிருப்பார்கள். 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்பது நம்மூர் வழக்கு. பொழுதுபோக்குத் தொழிலுக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அப்படியிருக்க, ஒரு விளையாட்டு நிறுவனத்தால் இழந்த ரசிகர்களை எப்படி மீட்க முடிந்தது? எல்லா நிறுவனங்களாலும் இது முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவது விளையாடுபவர்களுக்காக மட்டும் அல்ல, அவர்களைப் பெற்றவர்களுக்காகவும்தான்.

நான்கு பேர் கொண்ட அணி

தென்கொரியாவின் கிராஃப்டன் குழுமத்துக்கு உரிமையான பப்ஜி, கைப்பேசி வடிவில் 2018 மார்ச்சில் வெளியானது. அதை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தது சீனாவின் டென்சென்ட் நிறுவனம். நூறு பேர் வான்குடையில் ஒரு தீவில் இறங்கி, ஆயுதங்களைத் தேடி எடுத்து, ஒருவரையொருவர் வீழ்த்தி, கடைசிவரை தாக்குப்பிடிப்பவர் வெல்வது என்பதுதான் ஆட்டத்தின் சுருக்கம். ஓர் ஆட்டம் ஏறத்தாழ அரை மணி நேரம் நீடிக்கும்.

அது வந்த காலமும் அதற்குச் சாதகமாக அமைந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ அறிமுகமான பிறகு இணையத் தரவின் விலை தரைமட்டத்துக்கு வந்திருந்தது. அதற்கு முன்பு சேலம், நாமக்கல் போன்ற ஊர்களில் வீடியோ கேம் என்பது வசதியானவர் வீட்டுப் பிள்ளையின் விளையாட்டுப் பொருள். மற்றவர்களுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்து விளையாடும் கடை. பப்ஜி அந்த வேலியை உடைத்தது. பள்ளிபாளையம் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்யும் இளைஞரும், அக்கூடத்தின் உரிமையாளர் மகனும் ஒரே தீவில் இறங்கினார்கள். கட்டணம் எதுவும் இல்லை. உலகிலேயே இந்த விளையாட்டை அதிகம் பேர் தரவிறக்கிய நாடு என்ற இடத்தை இந்தியா பிடித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது துப்பாக்கியை அல்ல, அணியை. பெரும்பாலோர் நால்வர் அணியாகவே விளையாடினர். காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு பேசியபடியே ஆடினர். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் 'ரிக்' வண்டியுடன் வட மாநிலங்களுக்குப் போகும் இளைஞரை எண்ணிப் பாருங்கள். மாதக்கணக்கில் ஊர் திரும்பாத அவருக்கு, பள்ளித் தோழர்களுடன் இரவில் அரை மணி நேரம் சேர்ந்திருக்க அந்த விளையாட்டு ஓர் இடத்தைக் கொடுத்தது. ஊர் ஆலமரத்தடியும் தேநீர்க் கடை பெஞ்சும் செய்த வேலை அது. 2020 மார்ச்சில் பொது முடக்கம் வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டபோது, அந்த இடத்தின் மதிப்பு இன்னும் உயர்ந்தது.

பொருளியலில் இதைப் 'பிணைய விளைவு' என்பர். தொலைபேசி ஒருவரிடம் மட்டும் இருந்தால் அதற்குப் பயனில்லை. பலரிடம் இருக்கும்போதுதான் ஒவ்வொருவருடைய கருவியும் மதிப்புப் பெறுகிறது. அணி விளையாட்டும் அப்படித்தான். இலவசமாக ஆடும் கோடிக்கணக்கானோரால் நிறுவனத்துக்கு நேரடி வருமானம் இல்லை. உடைகள், துப்பாக்கி அலங்காரங்கள் ஆகியவற்றைக் காசு கொடுத்து வாங்கும் சிறு பகுதியினரால்தான் வருமானம். ஆனால், அலங்காரம் வாங்குபவர் அதைக் காட்டுவதற்கு ஒரு கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டம்தான் இலவச ரசிகர்கள். எனவே, காசு கொடுக்காத ரசிகர் விலகினாலும் நிறுவனத்துக்கு இழப்புதான்.

தடையும் திரும்புதலும்

தடைக்குக் காரணம் விளையாட்டின் தரம் அன்று. லடாக் எல்லையில் எழுந்த மோதலை அடுத்து, நாட்டின் பாதுகாப்பு, தரவுப் பாதுகாப்பு ஆகியவற்றைக் காரணம் காட்டி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் அந்த ஆணை வந்தது. அதற்கு முன்பே ஜூன் மாதத்தில் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகள் தடைசெய்யப்பட்டிருந்தன.

அந்த வெற்றிடத்தை நிரப்ப உள்நாட்டு முயற்சி ஒன்றும் நடந்தது. பெங்களூரைச் சேர்ந்த என்கோர் கேம்ஸ் நிறுவனம், நடிகர் அக்ஷய் குமாரின் ஆதரவுடன் 'ஃபௌ-ஜி' என்ற விளையாட்டை அறிவித்து, 2021 குடியரசு நாளில் வெளியிட்டது. நாட்டுப்பற்று உணர்வு பெரும் எதிர்பார்ப்பை உண்டாக்கியது, தரவிறக்கங்களும் குவிந்தன. ஆனால், தொடக்கத்தில் அது தனியாளாக ஆடும் கதை விளையாட்டாக மட்டுமே இருந்தது. பப்ஜியில் தோழர்களுடன் சேர்ந்து ஆடியவர்களுக்கு அதில் தோழர்கள் இல்லை. ரசிகர்கள் தந்த மதிப்பெண் விரைவிலேயே சரிந்தது. போட்டியாளரைக் களத்திலிருந்து அகற்றிவிட்டால் அவருடைய வாடிக்கையாளர்கள் தாமாக நம்மிடம் வந்துவிடுவார்கள் என்ற கணக்கு பொய்த்தது. உணர்ச்சி ஒருமுறை தரவிறக்கம் செய்ய வைக்கும். மறுநாளும் திறக்க வைக்காது.

பழைய ரசிகர்களும் உண்மையில் முற்றாக விலகியிருக்கவில்லை. பலர் விபிஎன் வழியாக, இந்தியாவுக்கு உரியதல்லாத பதிப்புகளில் ஆடிக்கொண்டிருந்தனர். 2021 ஜூனில், தடைசெய்யப்பட்ட இந்த விளையாட்டை யூடியூபில் நேரலையாக ஆடிக்கொண்டே ஆபாசமாகப் பேசிவந்த ஒருவர் நம் அண்டை மாவட்டமான தருமபுரியில் கைது செய்யப்பட்டார். அந்த வழக்கு பரபரப்பாகப் பேசப்பட்டபோது, தடைக்குப் பிறகும் இத்தனை ஆயிரம் இளைஞர்கள் அந்த நேரலைகளைப் பார்த்துவந்தார்களா என்ற கேள்வி பலருக்கும் எழுந்தது. பூட்டப்பட்ட கடையின் பின்வாசலில் கூட்டம் நின்றுகொண்டுதான் இருந்தது.

கிராஃப்டன் இந்தக் கூட்டத்தை அறிந்திருந்தது. டென்சென்ட்டிடமிருந்து இந்திய வெளியீட்டு உரிமையைத் திரும்பப் பெற்றது. இந்தியாவில் 10 கோடி டாலர் முதலீடு செய்யப்போவதாக அறிவித்தது. 2021 ஜூலை 2-ஆம் தேதி 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற புதிய பெயரில் விளையாட்டை வெளியிட்டது. ரத்தத்தின் நிறத்தை மாற்றியது. 18 வயதுக்குட்பட்டோர் பெற்றோர் ஒப்புதலுடன்தான் விளையாடலாம், நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்தான் ஆடலாம் என்று விதித்தது.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்றையும் செய்தது. பழைய பப்ஜி கணக்கில் ரசிகர்கள் சேர்த்துவைத்திருந்த உடைகள், அலங்காரங்கள், தரநிலை ஆகியவற்றைப் புதிய விளையாட்டுக்கு மாற்றிக்கொள்ள வழி தந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை வெறும் பொம்மைகள். ஆனால், இரண்டரை ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான மணி நேரத்தையும், சில வேளைகளில் கைக்காசையும் செலவிட்டுச் சேர்த்தவருக்கு அவை சொத்து. 'உங்கள் பொருள் பத்திரமாக இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்பது எந்த விளம்பரத்தைவிடவும் வலிமையான அழைப்பு. ஓராண்டில் பதிவுசெய்த பயனர்கள் 10 கோடியைக் கடந்ததாக நிறுவனம் அறிவித்தது.

2022 கோடையில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சி இந்த விளையாட்டின் போட்டித் தொடரையே ஒளிபரப்பியது. தொடர் முடிந்த இரண்டு வாரத்துக்குள், ஜூலை 28-ஆம் தேதி, அரசின் ஆணையை அடுத்து செயலி மீண்டும் நீக்கப்பட்டது. 2023 மே மாதத்தில், மூன்று மாதச் சோதனைக் கால அனுமதியுடன் மறுபடியும் வந்தது; இன்று வரை நீடிக்கிறது. 2022 பிப்ரவரியில் தடைசெய்யப்பட்ட 'ஃப்ரீ ஃபயர்' விளையாட்டின் கதை வேறு. 2023 செப்டம்பர் 5-ஆம் தேதி இந்தியாவுக்குத் திரும்புவதாக அறிவித்த அந்த நிறுவனம், கடைசி நேரத்தில் வெளியீட்டைத் தள்ளிவைத்தது. ஆனால், அதன் ரசிகர்கள் ஏற்கெனவே தடைக்கு உட்படாத 'ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்' பதிப்புக்கு இடம்பெயர்ந்திருந்தனர். அங்கும் அணி கலையவில்லை. கூடும் இடம்தான் மாறியது.

மூன்று விதமான விலகல்

இந்த அனுபவத்தை வைத்து எல்லா நிறுவனங்களும் ரசிகர்களை மீட்டுவிடலாம் என்று முடிவுகட்டுவது தவறு. விலகுவதற்கான காரணம் ஒன்றல்ல. புறத்தடையால் விலகுபவர் உண்டு. ஏமாற்றத்தால் விலகுபவர் உண்டு. வயதாலும் வாழ்க்கை மாற்றத்தாலும் விலகுபவர் உண்டு. ஒவ்வொருவரையும் மீட்கும் வழி வேறு.

முதல் வகையை நாமக்கல் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. தமிழ்நாட்டில் அந்நோய் இல்லை. ஆனாலும், நாடெங்கும் மக்கள் முட்டையையும் கோழிக்கறியையும் ஒதுக்கினர். நாமக்கல் பண்ணைகளில் முட்டை தேங்கியது, விலை சரிந்தது. சில மாதங்களில் அச்சம் தணிந்ததும் வாங்குவோர் திரும்பினர். முட்டையின் மீது யாருக்கும் கோபம் இல்லை. இடையில் வந்த அச்சம்தான் தடுத்தது. பப்ஜி ரசிகரின் விலகலும் இத்தகையதே. தடை அகன்றதும் பழக்கம் திரும்புகிறது. அதற்குள் வேறொரு நல்ல மாற்று வந்துவிடக் கூடாது என்பதும், கூட்டாளிகள் சிதறிவிடக் கூடாது என்பதும் மட்டுமே நிபந்தனைகள்.

ஏமாற்றத்தால் விலகியவரை மீட்பது கடினம். இதைப் புரிந்துகொள்ள ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலறிஞர் உதவுகிறார். 'வெளியேற்றம், குரல், விசுவாசம்' என்ற பொருள்படும் தலைப்பில் 1970-இல் அவர் எழுதிய நூல், லாரித் தொழிலை நம்பி வாழும் நம் மாவட்டங்களுக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்கியது. நைஜீரியாவில் ரயில்வேக்கு லாரிகள் போட்டியாக வந்தன. போட்டி வந்தால் ரயில்வே சீர்படும் என்பதே பாடநூல் எதிர்பார்ப்பு. அது நடக்கவில்லை. குறைகளைப் பொறுக்காமல் சத்தம் போடக்கூடிய வாடிக்கையாளர்கள் எல்லாரும் லாரிக்கு மாறிவிட்டனர். தட்டிக்கேட்க ஆள் இல்லாததால் ரயில்வே மேலும் சீர்கெட்டது.

குறைசொல்லும் வாடிக்கையாளர் இன்னும் நம்முடையவர். மௌனமாகப் போனவர்தான் போனவர் என்பதே இதன் சாரம். விளையாட்டு நிறுவனங்கள் பலவும் திட்டித் தீர்க்கும் ரசிகரைத் தொல்லையாகப் பார்க்கின்றன. உண்மையில் அந்தத் திட்டு, ரசிகர் விட்டுச் செல்லும் கடைசி வாய்ப்பு.

அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்ட நிறுவனங்களும் உண்டு. ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் 2010 செப்டம்பரில் 'ஃபைனல் ஃபேன்டசி 14' என்ற இணைய விளையாட்டை வெளியிட்டது. அது ரசிகர்களைக் கடுமையாக ஏமாற்றியது. நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. மாதக் கட்டணத்தை நெடுங்காலம் வசூலிக்காமல் நிறுத்திவைத்தது. பொறுப்பாளரை மாற்றி, நவோகி யோஷிடா என்பவரிடம் பணியை ஒப்படைத்தது. 2012 நவம்பரில் பழைய விளையாட்டை மூடி, 2013 ஆகஸ்டில் ஏறத்தாழ முழுவதும் புதிதாகக் கட்டிய விளையாட்டைக் கொண்டுவந்தது. அது இன்று அந்நிறுவனத்தின் முக்கிய வருமான ஊற்றுகளில் ஒன்று.

இங்கிலாந்தின் சிறிய நிறுவனமான ஹலோ கேம்ஸ், 2016 ஆகஸ்டில் 'நோ மேன்ஸ் ஸ்கை' விளையாட்டை வெளியிட்டபோது, சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று பழிக்கப்பட்டது. அதன்பின் அந்நிறுவனம் பேச்சைக் குறைத்தது. விடுபட்ட அம்சங்களை ஆண்டுதோறும் கட்டணமின்றிச் சேர்த்துக்கொண்டே வந்தது. ரசிகர்களின் மதிப்பீடு தலைகீழாக மாற எட்டு ஆண்டுகள் ஆயின. போலந்தின் சிடி புரொஜெக்ட் நிறுவனத்தின் 'சைபர்பங்க் 2077' 2020 டிசம்பரில் பிழைகளுடன் வந்தது. சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்தே நீக்கியது. நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது, பிழைகளைத் திருத்தியது, மூன்றாண்டுகளில் மதிப்பை மீட்டது.

மூன்றிலும் பொதுவான ஒன்று உண்டு. நிறுவனம் தன் கைக்காசை இழந்தது. மன்னிப்பு என்ற சொல்லுக்குச் செலவில்லை, யாரும் சொல்லிவிடலாம். கட்டணத்தை விட்டுக்கொடுப்பதற்கும், பல ஆண்டு உழைப்பை இலவசமாகத் தருவதற்கும் செலவு உண்டு. செலவு பிடிக்கும் செயல்தான் நம்பத்தக்க சமிக்ஞை என்பது பொருளியலின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. நாமக்கல்லில் பழைய லாரி வாங்குபவர், விற்பவரின் வாய்மொழியை நம்புவதில்லை. 'ஓட்டிப் பாருங்கள், மெக்கானிக்கை அழைத்து வாருங்கள், ஆறு மாதத்துக்குள் இன்ஜின் கோளாறு என்றால் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பவரை நம்புகிறார். விலகிய ரசிகரும் அப்படித்தான்.

நம்பிக்கை ஒரு நிறுவனத்திடம் மட்டும் அல்லாமல் தொழில் முழுவதிலும் அழிந்துபோவதும் உண்டு. 1983-இல் அமெரிக்காவில் அதுதான் நடந்தது. அட்டாரி முதலான நிறுவனங்களின் கருவிகளுக்குத் தரமற்ற விளையாட்டுகளை யார் வேண்டுமானாலும் தயாரித்துக் குவித்தனர். நல்லது எது, மட்டமானது எது என்று வாங்குபவருக்குத் தெரியவில்லை, வாங்குவதையே நிறுத்தினர். விற்காத அட்டாரி விளையாட்டுகள் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் குழிதோண்டிப் புதைக்கப்பட்டன. 2014-இல் அவற்றைத் தோண்டியும் எடுத்தனர். அந்தச் சந்தையை 1985-க்குப் பிறகு உயிர்ப்பித்தது அட்டாரி அன்று, ஜப்பானின் நின்டெண்டோ. தன் ஒப்புதல் பெற்ற விளையாட்டுகளுக்கு மட்டும் தர முத்திரை வழங்கி, மற்றவை தன் கருவியில் இயங்காதபடி செய்தது. ரசிகர்கள் வீடியோ விளையாட்டுக்குத் திரும்பினர். ஏமாற்றிய நிறுவனத்துக்குத் திரும்பவில்லை. தரம் தவறும் நிறுவனங்கள் மறக்கக் கூடாத பாடம் இது.

வளர்ந்தவர்கள் திரும்புவதில்லை

மூன்றாவது வகை விலகலில் கோபமும் இல்லை, தடையும் இல்லை. நாமக்கல், ராசிபுரம் வட்டாரம் விடுதியுடன் கூடிய மேல்நிலைப் பள்ளிகளுக்குத் தமிழ்நாடு முழுவதும் பெயர்பெற்றது. பதினொன்றாம் வகுப்பில் சேரும் மாணவர் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு விடுதிக்குள் நுழைகிறார். இரண்டாண்டுகள் கழித்து வெளியே வரும்போது அவருடைய அணி கலைந்திருக்கிறது. ஒருவர் கோவையில் பொறியியல் படிக்கிறார். ஒருவர் தந்தையின் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறார். ஒருவருக்குத் திருமணம் பேசுகிறார்கள். விளையாட்டு அப்படியே இருக்கிறது. அதை விளையாடிய பையன் இல்லை.

சேலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல இன்னோர் எடுத்துக்காட்டும் கைவசம் உண்டு. ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவுதான் அது. டி.ஆர்.சுந்தரம் நிறுவிய அந்தப் படநிறுவனம், 1937-இல் 'சதி அகல்யா'வில் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' அங்குதான் உருவானது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' அந்த நிறுவனம் தயாரித்ததுதான். அதன் ரசிகர்கள் யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. 1963-இல் சுந்தரம் மறைந்தார். படத்தொழில் சென்னையில் குவிந்தது, ரசனை மாறியது, தலைமுறை மாறியது. பழைய ரசிகர்களின் அன்பு குறையாமலேயே அந்த நிறுவனம் மங்கியது. அன்பு இருப்பது வேறு. வாடிக்கை இருப்பது வேறு.

இத்தகைய ரசிகரை மீட்க ஒரே வழி, அவருடைய மாறிய வாழ்க்கைக்கு ஏற்ப நிறுவனம் மாறுவதுதான். 1889-இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டுத் தயாரிப்பாளராகத் தொடங்கிய நின்டெண்டோ, இதில் கைதேர்ந்தது. அதன் 'வீ' கருவி 10 கோடிக்கும் மேல் விற்றது. அடுத்து வந்த 'வீ யு' ஏறத்தாழ 1.36 கோடியோடு நின்றுபோனது. நிறுவனத்தின் கதை முடிந்தது என்று எழுதியவர்கள் பலர். 2017-இல் வந்த 'ஸ்விட்ச்' 15 கோடியைக் கடந்தது. வீட்டுத் தொலைக்காட்சியிலும் ஆடலாம், பயணத்திலும் ஆடலாம் என்ற அமைப்பு, நேரமில்லாத நடுத்தர வயதினருக்குப் பொருந்தியது. சிறுவயதில் மாரியோ ஆடியவர்கள் தம் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடினர். நின்டெண்டோ பழைய சிறுவனைத் தேடவில்லை; அவன் தந்தையாகியிருப்பதை ஏற்றுக்கொண்டது.

யாரை அழைப்பது, எப்படி அழைப்பது

இங்குதான் பெற்றோரும் அரசும் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. ரசிகரை மீட்க நேர்வழிகளைப் பார்த்தோம்: அவருடைய பொருளைக் காத்துத் தருவது, செலவு செய்து பிழை திருத்துவது, அவருடைய வாழ்க்கைக்கேற்ப மாறுவது. நான்காவதாக ஒரு குறுக்குவழி இருக்கிறது. 'உங்களைக் காணாமல் வாடுகிறோம்' என்ற அறிவிப்பு. திரும்பி வந்தால் பரிசு. ஏழு நாள் தொடர்ந்து வந்தால் கூடுதல் பரிசு. இன்று நள்ளிரவோடு முடியும் சலுகை. என்ன கிடைக்கும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டி. இவற்றுக்குச் செலவு மிகக் குறைவு, பலன் உடனடி.

இந்தக் குறுக்குவழியின் கொடுமை என்னவென்றால், அது யார் ஏன் விலகினார் என்று பார்ப்பதில்லை. தேர்வுக்காகத் தானே முடிவெடுத்து விளையாட்டை விட்ட மாணவரையும் அதே அறிவிப்பு அழைக்கிறது. கடன்பட்டதால் நிறுத்திய இளைஞரையும் அழைக்கிறது. சந்தைக் கோட்பாட்டில் நுகர்வோரின் வெளியேறும் உரிமை அடிப்படையானது. வெளியேறியவரின் மனவுறுதியைக் குலைப்பதையே தொழில்நுட்பமாக்கினால், அந்த உரிமை ஏட்டளவில்தான் இருக்கும். விளையாட்டுக்கு அடிமையாதலை உலக சுகாதார அமைப்பு தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்து, அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டமாகவே கருத வேண்டும் என்று பெல்ஜியத்தின் ஒழுங்குமுறை ஆணையம் 2018-லேயே கூறியது.

நம் சட்டங்கள் இதுவரை பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளையே குறிவைத்திருக்கின்றன. தமிழ்நாடு 2022-இல் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை இயற்றியது. நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து, மின்விளையாட்டுப் போட்டிகளை ஊக்குவிக்க முனைந்தது. சூதாட்டத்தால் நேர்ந்த உயிரிழப்புகளைக் கண்ட மாநிலத்தில் இது இன்றியமையாதது. ஆனால், 'இலவச' விளையாட்டுகள் வாடிக்கையாளரைத் திரும்ப இழுக்கும் முறைகள் இன்னும் தனிக் கவனம் பெறவில்லை. விலகிய சிறாருக்கு அழைப்பு அறிவிப்பு அனுப்பக் கூடாது; அதிர்ஷ்டப் பெட்டியில் என்ன கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதைத் தமிழிலும் சொல்ல வேண்டும்; கணக்கை நீக்குவது திறப்பதைப் போலவே எளிதாக இருக்க வேண்டும். இவ்வளவு விதிகள் போதும். முழுத் தடை எவ்வளவு பயன் தரும் என்பதை 2020 முதல் 2023 வரையிலான அனுபவம் காட்டிவிட்டது.

பெற்றோருக்கும் அந்த அனுபவத்தில் ஒரு செய்தி இருக்கிறது. பிள்ளை திரும்பத் திரும்ப அந்த விளையாட்டுக்குப் போவது துப்பாக்கிக்காக மட்டும் அன்று. அங்கே தோழர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகவும்தான். கைப்பேசியைப் பிடுங்குவது எளிது. அந்தத் தோழமைக்கு மாற்றாக மாலையில் ஒரு மைதானத்தையும் ஒரு நூலகத்தையும் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தொலைவில் வைத்திருக்கிறோமா என்பதே கடினமான கேள்வி. அதற்கான விடையில் பெற்றோர், பள்ளி, உள்ளாட்சி மூவருக்கும் பங்கு உண்டு.

ஆக, விளையாட்டு நிறுவனத்தால் விலகிய ரசிகர்களை மீட்க முடியும். தடையால் விலகியவர், அணி கலையாதவரை தாமாகவே வருவார். ஏமாந்து விலகியவர், நிறுவனம் தன் தவறுக்கான விலையைத் தானே செலுத்துவதைக் கண்ட பிறகு, மெல்ல வருவார். வளர்ந்து விலகியவர், தன் புதிய வாழ்க்கைக்கு அதில் இடமிருந்தால் மட்டும் எப்போதாவது வருவார். வர விரும்பாதவரையும் பரிசு காட்டி இழுத்துவரும் நிறுவனம், சில மாத வருமானத்தைப் பெறலாம். ரசிகரைப் பெற முடியாது. போகிறவரைக் கண்ணியமாக வழியனுப்பத் தெரிந்த கடைக்குத்தான் அவர் என்றாவது தம் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்ப வருவார்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).